ஷட்டரை இறக்கிய வெள்ளிக்கிழமை

2015 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டில் இருக்கும் எங்கள் ஸ்பேர்ஸ் கடையைக் காலையில் பாதி திறந்தேன். ஆந்திராவுக்குக் கிளம்பி நின்ற ஒரு ரிக் வண்டிக்கு இரண்டு ஹோஸும் ஒரு பிட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஷட்டரை இறக்கிவிட்டேன். முந்தின நாள் நாலைந்து பேர் வந்து நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். மிரட்டல் உருட்டல் ஒன்றும் கிடையாது. "நாளைக்கு அடைச்சிருங்" என்றார்கள். "சரிங்" என்றேன்.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே கடையடைப்பு லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போகின்றன. எங்கோ மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டுக்குள் வண்டி நின்றுபோனால் ராத்திரி ஒரு மணிக்கும் எங்களுக்குப் போன் வரும். ஒரு பக்கம் லாரிப் பட்டறை, இன்னொரு பக்கம் தறி. சத்தம் நின்றால் தூக்கம் கலைகிற ஊர். அன்றைக்கு அந்த ஊர் அடங்கிக் கிடந்தது, ஒரு நாவலுக்கு எதிராக.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த புத்தகம். நாலு வருஷம் எங்கள் கடைவீதியில் அதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. 2014 டிசம்பரில் அதிலிருந்து சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் ஆகிக் கைக்குக் கை மாறின. குழந்தை இல்லாத பெண், எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் மலைக்கோவிலின் வைகாசித் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவு, முன்பின் தெரியாத ஆண், பிறக்கிற பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்று போகும் பக்கங்கள். டிசம்பர் 26ஆம் தேதி புத்தகத்தை எரித்தார்கள்.

எங்கய்யன் அந்த ஜெராக்ஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐம்பது வைகாசிக்கு மேல் தேர் வடம் பிடித்தவர் அவர். காய்ச்சல் அடித்த வருஷம்கூட வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துதான் படுத்தார். படித்து முடித்துக் காகிதத்தை நாலாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, "நம்மூட்டுப் பொம்பளைங்களையெல்லாம் இப்படி எழுதிப்போட்டானாமா" என்றார். அப்புறம் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அவருக்கு வந்த வேதனை நடிப்பு இல்லை. யாரோ தூண்டிவிட்டதால் கத்தியவர்கள் இருந்திருக்கலாம். எங்கய்யன் அப்படிப்பட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

நான் கடையை அடைத்ததற்கு அவருடைய வேதனை காரணம் இல்லை. எல்லாரும் அடைக்கிறார்கள், நானும் அடைத்தேன். புத்தகத்தை நான் படித்திருக்கவில்லை. வாங்கிப் படிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து, 12ஆம் தேதி, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் சமாதானப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். பிறந்து வளர்ந்ததும் இந்த மண்ணில்தான். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர். 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்ற பொருளில் முகநூலில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்த மாதமே, பிப்ரவரியில், கரூர்ப் பக்கத்தில் இன்னொரு எழுத்தாளரைத் தூக்கிக்கொண்டு போய் அடித்தார்கள். அதுவும் ஒரு கதைக்காகத்தான்.

பொங்கல் வந்தது, போனது. கடைவீதியில் எல்லாம் பழையபடி ஆயிற்று.

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் இருந்த அமர்வு, அந்த ஜனவரி 12ஆம் தேதி ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போகலாம், அதற்குமேல் எழுதியவர்மீது பாய யாருக்கும் உரிமை இல்லை என்கிற மாதிரிச் சொன்னது. கடைசி வரியில், அவர் உயிர்த்தெழட்டும், தனக்கு நன்றாக வருகிற வேலையைச் செய்யட்டும், எழுதட்டும் என்று முடித்திருந்தது.

அந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்த வாரம்தான் நாவலை வாங்கினேன். ஈரோட்டில் வாங்கினேன். எங்கள் ஊரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். பிள்ளை இல்லாத ஒரு புருஷன் பெண்டாட்டியை ஊர் எப்படியெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொல்கிறது என்பதுதான் கதையில் பெரும்பகுதி. எனக்குத் தெரிந்த சீர் செனத்தி, எனக்குத் தெரிந்த வசவு, எனக்குத் தெரிந்த பூவரச மரம். ஜெராக்ஸில் வந்த பக்கங்களை எட்டியபோது எனக்கும் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். ஊர்ப் பெயரை மாற்றியிருக்கலாமே என்று தோன்றியது. சுருக்கென்ற பிறகும் தொடர்ந்து படித்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கடைசிப் பக்கத்தில் அந்த மனிதன் நிற்கிற நிலை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எங்கள் சித்தி ஒருத்தி பிள்ளை இல்லாமல் செத்தாள். வளைகாப்புக்கெல்லாம் அவளைக் கூப்பிடாத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதை முதன்முதலாக நான் யோசித்ததே அந்த ராத்திரிதான்.

புத்தகம் நல்லதாக இருந்ததால் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது மட்டமான நாவலாக இருந்திருந்தாலும் நான் ஷட்டரை இறக்கியது தப்புதான். இதை நான் புரிந்துகொள்ள இன்னும் ஆறேழு வருஷம் ஆயிற்று. அதற்கு இடையில் நானே இன்னொரு ஷட்டரை இறக்கினேன்.

2022இல் நடந்தது அது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு கல்யாண மண்டபத்தில், சாதி அமைப்பு ஒன்றின் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. 'நாடகக் காதலிலிருந்து நம் பெண்பிள்ளைகளைக் காப்போம்' என்று பிளக்ஸ். பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் கேட்கிற கூட்டம். நான் பிறந்த சாதியும் அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் சாதியும் ஒன்றுதான். அந்தப் பேச்சாளரை ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். வயிற்றைப் புரட்டுகிற பேச்சு. ஒரு பெண்ணைப் பற்றி அவர் பேசும்போது காடு, மாடு, தோட்டம் என்று சொல்கிற அதே குரலில் பேசுவார்.

நாங்கள் ஒரு பதினேழு பேர், வாசிப்பு வட்டம் மாதிரி ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், அருந்ததியர் குடும்பம். எங்கள் எல்லாரையும்விட அதிகம் படித்தவர். மனுவை எழுதியது அவர்தான். 'இக்கூட்டத்தால் பொது அமைதிக்குப் பங்கம் விளையும், பட்டியலின மக்களின் மனம் புண்படும், ஆகவே அனுமதி மறுக்க வேண்டும்.' பதினேழு கையெழுத்து. என்னுடையதும் அதில் உண்டு. கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அன்று சாயங்காலம் டீக்கடையில் பஜ்ஜி தின்று சந்தோஷமாகக் கலைந்தோம்.

எட்டு மாதம் கழித்து நாங்கள் ஒரு கூட்டம் போட நினைத்தோம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகளை மேடையேற்றிப் பாராட்டுகிற கூட்டம். மண்டபம்கூட அதே மண்டபம்தான்; வாடகை குறைவு. நாலு நாள் முன்னால் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு மனு. 'இக்கூட்டத்தால் பொது அமைதிக்குப் பங்கம் விளையும், பெரும்பான்மை மக்களின் மனம் புண்படும், ஆகவே அனுமதி மறுக்க வேண்டும்.' எங்கள் மனுவை எங்கிருந்தோ வாங்கி ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தார்கள். கீழே நூற்றுக்கும் மேல் கையெழுத்து. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அலுத்துப்போன குரலில்தான் கேட்டார்: "போன தடவ நீங்க கேட்டப்ப நிறுத்திக் கொடுத்தோமுங்களா இல்லீங்களா? இப்ப அவங்க கேக்கறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிபாளையத்துத் தோழருக்கும் வரவில்லை.

மனம் புண்படுவது என்பதைப் பற்றி அன்றிலிருந்து நிறைய யோசித்துவிட்டேன். கொங்கு நாட்டில் நூறு வருஷக் கணக்கை எடுத்துப் பாருங்கள். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தார்கள். எழுபது வயதுக் கிழவரை ஏழு வயதுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கச் சொன்னார்கள். அந்த மனங்கள் புண்பட்டதற்காக எந்த ஊரில், எந்த வருஷம் கடையடைப்பு நடந்தது? எந்த அலுவலகத்தில் சமாதானப் பேச்சுவார்த்தை நடந்தது? ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்களா? புண்பட்ட மனத்துக்கு அரசு மருந்து போடும் என்று வைத்துக்கொண்டால், எத்தனை ஷட்டரை இறக்க வைக்க முடிகிறது என்பதைப் பார்த்துத்தான் மருந்து வரும். எங்கள் பதினேழு கையெழுத்து ஒருமுறை ஜெயித்தது. நூற்றுச் சொச்சம் கையெழுத்து வந்ததும் தோற்றது. இந்தப் பக்கத்தில் ஆள் சேர்க்கிற போட்டி என்று வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த வீட்டில் பிறந்தவன்.

ஈரோட்டுக்காரர்கள் இதை இன்னும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். 1925 மே மாதம் அங்கிருந்து 'குடிஅரசு' கிளம்பியபோது அதைப் படித்துப் புண்படாத பக்தர் வீடு இருந்திருக்குமா? எங்கள் அப்பாரு, எங்கய்யனுக்கு அப்பா, அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டாராம். வெள்ளைக்காரன் காலத்தில் 1933இல், இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும் என்று அதில் எழுதியதற்காகப் பெரியார்மீதும் பதிப்பாளராக இருந்த அவருடைய தங்கை கண்ணம்மாள்மீதும் ராஜதுரோக வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் சிலைப் பீடத்தில் இருக்கும் கடவுள் மறுப்பு வாசகத்தைப் பார்த்தால் எங்கய்யன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை எடுக்கச் சொல்லிப் போன வழக்கை 2019இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனம் புண்படுவதுதான் அளவுகோல் என்றால் அந்த எழுத்து ஒரு நாள் தாங்காது. பெரியாரைக் கொண்டாடுகிற என் நண்பர்கள் பலர் இந்த இடத்தில் தலையாட்டுகிறார்கள். அதே அளவுகோலை அந்தச் சாதிப் பேச்சாளருக்கு வைக்கும்போது மட்டும் அது வேறு என்கிறார்கள்.

வேறுதான் என்று பள்ளிபாளையத்துத் தோழர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் கேட்டதில் பலமான எதிர்வாதம் இதுதான்.

"நாவல் படிச்சு யாரும் யாரையும் கொல்லலீங்ண்ணா. இவன் பேசறதக் கேட்டுட்டுப் போறவன் கொல்றான். உங்களுக்கு அது கருத்து. எனக்கு அது தண்டவாளம்."

தண்டவாளம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 2015 ஜூனில், கடையடைப்பு நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதே அர்த்தநாரீசுவரர் மலைக்கோவிலுக்குத் தன் தோழியோடு போயிருந்த பட்டியலினத்து இளைஞர் ஒருவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில்தான் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தக் கொலைக்கு அடுத்த வருஷம், 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் இன்னொரு இளைஞரை வெட்டினார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர். 2017 மார்ச்சில் கோவையில், கடவுள் இல்லை என்று எழுதிவந்த ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். பேச்சுக்கும் கத்திக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எங்களிடம் கேட்டால், கொஞ்ச தூரம்தான் என்று சொல்வோம். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பைப் பார்த்த கோவைக்காரர்களும் அதையே சொல்வார்கள்.

அவர் சொன்னதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்தான் ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பையன் பெயர் இது, இந்தக் கல்லூரியில் படிக்கிறான், இவனை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும் என்று ஒருவர் மேடையில் சொன்னால் அது மிரட்டல். அவரை மேடையிலிருந்தே அழைத்துப் போக வேண்டும், நானே புகார் கொடுப்பேன். ஒருவரை நாலு பேர் முன்னால் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால் அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்வது தப்பு, பெற்றோர் சம்மதம் வேண்டும், சட்டத்தை மாற்று என்று சொல்வது கருத்து. கேவலமான கருத்து. அதையும் பேசக் கூடாது என்று நாம் ஒரு மனு எழுதினால் அந்த மனுவின் அடுத்த பிரதியில் நம் பெயர் இருக்கும். இருந்தது. கண்ணால் பார்த்தோம்.

நீதிமன்றங்கள் இந்தக் கோட்டைப் போட்ட கதையும் எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 16 நாள் கழித்து, 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், மார்ச் 1ஆம் தேதி, 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. நடத்தியவர் ரொமேஷ் தாப்பர், இடதுசாரி. மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்துச் செய்தது. அடுத்த வருஷமே, 1951 ஜூனில், முதலாவது திருத்தத்தைக் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைப் பேச்சுரிமை தருகிற 19ஆவது பிரிவுக்குள் நுழைத்தார்கள். எங்கள் மனுவில் நாங்கள் எழுதிய 'பொது அமைதிக்குப் பங்கம்' அந்தச் சொல்லின் பேரப்பிள்ளைதான். கம்யூனிஸ்ட் பத்திரிகைக்கு எதிராகப் பிறந்த ஆயுதத்தை இடதுசாரிகளான நாங்கள் சந்தோஷமாகத் தூக்கியிருக்கிறோம்.

இன்னொன்றும் எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று 1980களின் கடைசியில் ஒரு படம். சாதி வாரி இட ஒதுக்கீட்டைத் தாக்குகிற படம். என் வாழ்க்கையில் நான் மிக உறுதியாக ஆதரிக்கிற ஒன்று இட ஒதுக்கீடு. படத்துக்கு எதிராகப் போராட்டம் கிளம்பியது. உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்துச் செய்தது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஊர்வலம் வரும், தியேட்டரை உடைப்பார்கள் என்பதற்காகப் பேச்சை அடக்க முடியாது, உடைக்க வருகிறவனைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்றது. வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறி மாதிரி, சொன்ன சொல்லுக்கும் வரும் ஆபத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்றால்தான் தடுக்கலாம் என்றது. எனக்குப் பிடிக்காத ஒரு படம் வாங்கிக் கொடுத்த நியாயம் இது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் யாராவது ஒரு அதிகாரி அந்த நியாயத்தை நினைத்துப் பார்த்திருந்தால், மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக எழுத்தாளர் வீட்டு வாசலில் நாலு போலீஸ்காரரை நிறுத்தியிருப்பார்.

போன வருஷம் அதே பேச்சாளர் மறுபடி வந்தார். அதே மண்டபம். மனு தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. வாசிப்பு வட்டத்தில் மூன்று பேர் அதற்கு அப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் உன் சாதிப் புத்தி போகவில்லை பார் என்று ஒருவர் சொன்னார். அதுதான் ரொம்ப வலித்தது. என் பிறப்பை வைத்துப் பார்த்தால் அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருக்கிறது என்பதாலும் வலித்தது. பள்ளிபாளையத்துத் தோழர் பேசுவதை நிறுத்தவில்லை. சண்டை போட்டார். அது எனக்குப் போதும்.

மனு போகவில்லை. கூட்டம் நடந்தது. நான் போய் நடு வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் நாற்பது நிமிஷம் மானம், குலப்பெருமை, செல்போன், காலேஜ் பஸ். கூட்டத்தில் பாதிப் பேர் செல்போன்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் சொத்துக்கு வந்தார். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் பெண்ணுக்குச் சம பாகம் என்று சட்டம் வந்ததைச் சொல்லி, "அவ யாரையோ கட்டிக்கிட்டு நாளைக்கு உங்க தோட்டத்துல பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் உடுவா" என்றார். மண்டபம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அது ஒரு திறப்பு. இத்தனை வருஷம் இவர்கள் மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து நாங்களும் மானத்தைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அடியில் கிடப்பது நாலு ஏக்கர் பூமியும் ஒரு கிணறும். கூட்டத்தை நிறுத்தியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. "ஏனுங்க, நம்ம பசங்களுக்குப் பொண்ணு கெடைக்காம பாலக்காட்டுல இருந்து மருமக எடுத்த வீடு இந்த மண்டபத்துல எத்தன இருக்குதுங்க? அப்ப யாராச்சும் அந்தப் புள்ளைங்க என்ன சாதீன்னு கேட்டோமுங்களா?" என்றேன். பேச்சாளர் அது வேற, இது வேற என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவரிடம் மெல்ல, "எங்கூட்டு மருமக அந்தப் பக்கந்தானுங்" என்றார். நான் மேலே பேசுவதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாக எங்கே தொடங்கியது, ஏன் சேலத்தில் தொடங்கியது, பெண்பிள்ளைகளை யாரிடமிருந்து காக்க வேண்டியிருந்தது என்றும் கேட்க நினைத்திருந்தேன். கேட்க முடியவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேர் ஏதோ திட்டினார்கள், ஒருவர் டீ சாப்பிடக் கூப்பிட்டார்.

டீக்கடையில் பள்ளிபாளையத்துத் தோழர் நின்றிருந்தார். உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டவர், மண்டபத்துக்கு எதிரே இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறார். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. நடந்ததைச் சொன்னேன். பூமி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "அவன் பேசறதுக்காக நீங்க மூணு சினேகிதத்த உட்டீங்க. நாம பேசறதுக்காக அவன் ஒரு கையெழுத்தாச்சும் உடுவானாங்ண்ணா?"

"உட மாட்டான்" என்றேன்.

"தெரியுமில்லீங்?"

"தெரியும்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் அவரே மறுபடி ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் கூட்டத்துக்கு அனுமதி கேட்கிற மனு. தலைப்பை மாற்றியிருந்தார்: 'பெண்களுக்குச் சொத்தில் பங்கும் கல்யாணத்தில் விருப்பமும்.' அந்தச் சாதி அமைப்பின் பேச்சாளருக்கும் ஓர் அழைப்பிதழ் போட்டிருக்கிறார், கேள்வி நேரத்தில் பேசலாம் என்று. காவல் நிலையத்தில் மூன்று பிரதி கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தோம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.